காபன் அம்பு: சந்தேகம் வந்தால் முறியுங்கள்

கச்சான் காற்று தொடங்கினால் அம்பு பக்கவாட்டில் ஓடும், கண்ட கண்ட இடத்தில் முட்டும், எனக்கும் கேள்விகள் கூடும். இந்த முறையும் அப்படித்தான். அம்பைப் படம் பிடித்து அனுப்பிய ஐந்தாறு பேருக்கு முதலில் ஒரு வார்த்தை: படத்தைப் பார்த்து "எய்யலாம்" என்று நான் சொல்ல மாட்டேன். காபன் நாரால் ஆன தண்டு உள்ளே பிளந்திருந்தாலும் வெளியே வழுவழுப்பாகவே இருக்கும். கையில் வைத்திருப்பவர்தான் சோதிக்க வேண்டும்.

கல்லடியிலிருந்து: அம்புகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது?

நாள் கணக்கா? இலக்கிலிருந்து பிடுங்கும் ஒவ்வொரு தடவையும். அரை நிமிட வேலை. தண்டை வெளிச்சத்தில் உருட்டி முனையிலிருந்து நொக் (நாணில் பூட்டும் பின்நுனித் துண்டு) வரை பாருங்கள். பிறகு ஒரு பஞ்சுத் துண்டால் தடவுங்கள். வெறும் விரலால் வேண்டாம். பஞ்சு இழுபடும் இடத்தில் நார் கிளம்பியிருக்கிறது. அடுத்தது வளைப்பு. ஒரு கை முனைக்கு அருகில், மற்றக் கை நொக்குக்கு அருகில். முகத்துக்கு எதிர்ப்பக்கமாக, நடுப்பகுதி ஓர் அங்குலம் அல்லது இரண்டு அங்குலம் விலகும் அளவுக்கு வளைத்து விடுங்கள். கொஞ்சம் சுழற்றி மறுபடியும். முழுச் சுற்றும் வர நான்கு தொடக்கம் ஆறு தடவை. காய்ந்த ஓலை மிதிபட்டது போல மெல்லிய நொறுங்கல் கேட்டாலும் சரி, கையில் உணர்ந்தாலும் சரி, அந்த அம்பின் கதை முடிந்தது. கடைசியாக இரு நுனியையும் எதிரெதிராக முறுக்குங்கள். இலகுவாகத் திரும்பினால் அதுவும் போச்சு.

நொக்கை மறக்காதீர்கள். வெடித்த நொக் நாணை விட்டு நழுவினால் அம்பில்லாமல் நாணை விட்டதற்குச் சமம். வில்லே உடையலாம்.

சம்மாந்துறையிலிருந்து: சிறு வெடிப்பை சுப்பர் குளூவால் ஒட்டி எய்யலாமா?

கூடாது. சுப்பர் குளூ செருப்புக்கு.

ஏறாவூரிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு 13 வயது, இப்போதுதான் பழகுகிறான். தெரிந்தவர் ஒருவர் பாவித்த காபன் அம்புகள் ஒரு டசின் இலவசமாகத் தருகிறார். "பழகத்தானே, இது போதும்" என்கிறார். வாங்கலாமா?

இந்தப் "பழகத்தானே" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரியவர்கள் எய்யப் பயப்படும் அம்பு பிள்ளைக்குப் போதுமாம்! பழகுகிறவனின் அம்புதான் இலக்கின் மரச்சட்டத்தில் முட்டும், கல்லில் முட்டும், மற்ற அம்பின் பிடரியில் முட்டும். அவனுக்குத்தான் திறமான அம்பு தேவை.

சில வருடங்களுக்கு முன் நான் பழக்கிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு அம்பு வளைக்கும்போது நொறுங்கியது. மஞ்சள் பேனையால் குறுக்குக் கோடு போட்டு, குப்பை வாளியில் எறிந்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறேன், பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்று அதே அம்பை நாணில் பூட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பேனைக் கோட்டால்தான் அடையாளம் தெரிந்தது. "நல்ல அம்பு, வீணாகக் கிடந்தது" என்று யாரோ துடைத்து எடுத்து வைத்திருக்கிறார். "நாணை விடாதே மகள், மெதுவாக இறக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கு வறண்டுவிட்டது.

விட்டிருந்தால் என்ன நடக்கும்? நாண் தள்ளும் கணத்தில் எந்த அம்பும் வில்லாக வளையும். வெடிப்புள்ள தண்டு அந்த இடத்தில் முறியும். முன்பாதி எங்கோ போகும். பின்பாதியை நாண் இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் கூரான முறிவு போய் நிற்பது வில் பிடித்த கைக்குள். பெருவிரல் அடியில், சில வேளை முன்கையில்.

பிழை என்மீதும்தான். அன்றிலிருந்து கழித்த அம்பை, கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டு, பழைய துணியில் சுற்றி இரண்டாக முறித்த பிறகே எறிகிறேன். நீங்களும் முறியுங்கள்.

சரி, உங்கள் கேள்வி. வாங்காதீர்கள். இலவசம் என்றாலும் அந்த அம்புகள் எதில் முட்டின என்பது உங்களுக்குத் தெரியாது. தொடக்கத்துக்கு அலுமினியம் நல்லது. வளைந்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். அவன் நாணை இழுக்கும் நீளத்தை விட அம்பு இரண்டு அங்குலமாவது கூட இருக்கட்டும். வளரும் பிள்ளை, கை நீளும். கட்டை அம்பை இழுக்கும்போது முனை ரெஸ்ட்டுக்கு (வில்லில் அம்பு தங்கும் தாங்கி) பின்னால் விழுந்தால் அது பாய்வதும் கைக்குள்தான்.

அக்கரைப்பற்றிலிருந்து: 45 இறாத்தல் வில் வைத்திருக்கிறேன். 600 ஸ்பைன் (தண்டின் விறைப்பைக் காட்டும் எண்) அம்பு சரியா?

அம்பின் நீளத்தை யார் எழுதுவது? முனையின் நிறையை? எழுதாமல் கேட்டால் நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும். அம்பு 29 அங்குலம், வில் ரிகேர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்தது) என்று வைத்துக்கொண்டால், 600 மென்மை. 500 பக்கம் போங்கள். எண் கூடினால் விறைப்பு குறையும். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். அம்பின் மொத்த நிறை, வில்லின் ஓர் இறாத்தலுக்கு 5 கிரெய்னுக்கு (அம்பு நிறுக்கும் சிறிய அலகு) குறையக் கூடாது. உங்களுக்கு 225 வரும், 230 என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடினால் இன்னும் நல்லது.

களுவாஞ்சிகுடியிலிருந்து: வீட்டு வளவில் தென்னை மரத்தைக் குறிபார்த்துப் பழகுகிறேன். அம்பைப் பிடுங்குவது கஷ்டமாக இருக்கிறது. வழி உண்டா?

உண்டு, தென்னையை விட்டுவிடுங்கள். நாருக்குள் இறுகிய முனையை நீங்கள் இடமும் வலமும் ஆட்டி ஆட்டி எடுத்திருப்பீர்கள். ஒவ்வோர் ஆட்டலும் முனைக்கு மேலே இரண்டு அங்குலத்தில் தண்டை நொறுக்குகிறது. கைவசமுள்ள அத்தனையையும் முதல் பதிலில் சொன்னபடி வளைத்துப் பாருங்கள். இலக்குக்கு, உரப்பை ஒன்றில் பழைய துணியை இறுக்கி அடையுங்கள். சிப், பொத்தான் எல்லாம் வெட்டிய பிறகு. பின்னால் வேலிக்கு அப்பால் யாரும் நடமாடாத பக்கமாக வையுங்கள். பிடுங்கும்போது ஒரு கையால் பையை அழுத்தி, மற்றக் கையால் தண்டைப் பைக்கு நெருக்கமாகப் பிடித்து நேராக இழுங்கள். உங்களுக்குப் பின்னால் ஆள் நிற்கக் கூடாது. நொக் கண்ணில் குத்திய கதைகள் உண்டு.

ஓட்டமாவடியிலிருந்து: முனையைக் கழற்ற லைட்டரால் சூடாக்கலாமா?

தண்டில் நெருப்பே படக்கூடாது. காபனைப் பிடித்திருக்கும் பசை சூட்டில் கெடும். ஒட்டியது ஹொட் மெல்ட் (சூட்டில் இளகும் பசை) என்றால் முனையைக் கொதிநீரில் சிறிது நேரம் பிடித்து இழுங்கள். எப்பொக்சி என்றால் விட்டுவிடுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: காபன் சிம்பு விரலில் ஏறிவிட்டது. கிண்டி எடுக்கலாமா?

ஊசியால் கிண்டாதீர்கள், உள்ளே இன்னும் பொடியாகும். வைத்தியரிடம் போய் "காபன்" என்று வாயால் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். ஆழமாகக் குத்தி நிற்கும் துண்டை நீங்களே உருவ வேண்டாம், அப்படியே கட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சிம்பு எந்த அம்பிலிருந்து வந்தது? அதை முறித்துவிட்டீர்களா?

கல்முனையிலிருந்து: காபன் அம்பில் தங்கூசி கட்டி வாவியில் மீன் எய்யலாமா?

வேண்டாம். மீனுக்கு உள்ள அம்பு தடித்த, கனமான, இறகில்லாத ஃபைபர்கிளாஸ். உங்கள் மெல்லிய அம்பில் கட்டிய தங்கூசி வில்லில் சிக்கினால், முனை திரும்பி வருவது உங்களிடம்.