மேக் முகவரி பல வடிவங்களில் வந்தால் டிரைவரில் எப்படிப் படிப்பது?

ஒரு போர்டின் ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் தகவல் அழியாத சிப்பில்) கோலனோடும் இன்னொன்றில் ஹைஃபனோடும் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் 6 பைட் அடையாள எண்) வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே உள்ள ஃபங்ஷன் கோலன் வைத்த 17 எழுத்து வடிவத்தை மட்டுமே ஏற்கும். அதனால் பார்சரை (முகவரியைப் பிரித்துப் படிக்கும் கோடை) நீங்களே எழுத வேண்டியதுதான்.

குறிகளை எல்லாம் நீக்கிவிட்டுப் படிக்கலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். 0:11:22:3:44:55 என்று முன்பூஜ்யம் விட்டுப்போன முகவரியில் குறிகளை எடுத்தால் 10 இலக்கம்தான் மிஞ்சும். எந்த பைட் எங்கே முடிந்தது என்றே தெரியாது. குறி வரும் இடத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பைட் ஆக்குங்கள். குறியே இல்லையென்றால் சரியாக 12 இலக்கம் இருக்க வேண்டும்.

அப்புறம், எல்லாம் பூஜ்யமாகவோ முதல் பைட்டின் கடைசி பிட் 1 ஆகவோ இருந்தால் (அது மல்டிகாஸ்ட், அதாவது ஒரு கருவிக்கல்ல, ஒரு குழுவுக்கான முகவரி) அதை ஏற்காதீர்கள். ரேண்டம் முகவரி ஒன்றை வைத்து, லாகிலும் எழுதிவிடுங்கள்.