சின்னத் தீவில் பிறந்தவர் பெரிய நாட்டுக்காகத் தாண்டினால் துரோகமா?

கேள்வி: அங்குயிலா தீவில் பிறந்த நீளம் தாண்டுதல் வீராங்கனை ஷாரா புராக்டர் பிரிட்டனுக்கு மாறியது, பதக்க ஆசையில் சொந்த மண்ணைக் கைவிட்டதுதானே?

இல்லை. இதைக் கேட்டவர் அநேகமாக ஒரு பெரிய மாநிலத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும். அங்கே மைதானம், பயிற்சியாளர், சங்கம், போட்டிக்குப் போக ரயில் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இருக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவள், நீளம் தாண்டியவள். இந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஷாராவின் விஷயம். அங்குயிலா கரீபியனில் பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட தீவு. நீளம் ஏறக்குறைய 26 கிலோமீட்டர், மக்கள்தொகை சுமார் 15,000. அதன் தலைநகரான தி வேலியில் 1988-இல் பிறந்தவர் ஷாரா. அங்குயிலாவுக்குத் தடகளச் சங்கம் உண்டு, அது உலகத் தடகள அமைப்பில் உறுப்பினர். ஆனால் ஒலிம்பிக்குக்கு அணி அனுப்ப அதற்கென்று சொந்த ஒலிம்பிக் கமிட்டி கிடையாது. 1996-க்குப் பிறகு தனி நாடாக இருந்தால்தான் புதிதாக ஒலிம்பிக் கமிட்டிக்கு அங்கீகாரம் என்று விதி வந்துவிட்டது. பெர்முடா, கேமன் தீவுகள், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் எல்லாம் அதற்கு முன்பே உள்ளே நுழைந்துவிட்டன. அங்குயிலா வெளியே நின்றுவிட்டது.

இதனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 2009-இல் பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் ஷாரா அங்குயிலாவின் பெயரில் தாண்டி ஆறாவது இடம் பிடித்தார். உலகத்திலேயே ஆறாவது! இருந்தும் அதே கொடியோடு ஒலிம்பிக்கில் கால் வைக்க அவருக்கு வழியே இல்லை. எவ்வளவு தூரம் தாண்டினாலும் இல்லை. அதே கடலில், பக்கத்திலேயே இருக்கும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் சான்டெல் மலோனை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் லிமாவில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் தங்கம் வாங்கினார், டோக்கியோ ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் தன் தீவின் கொடியோடு தாண்டினார். அவர் தீவும் பிரிட்டனின் ஆட்சிப்பகுதிதான், இவர் தீவும் அதேதான். கமிட்டிக்கு எந்த வருஷம் அங்கீகாரம் கிடைத்தது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஷாரா போன இடமும் அந்நிய நாடு இல்லை. 2002-இல் வந்த சட்டத்தின்படி அங்குயிலாக்காரர்கள் முழு பிரிட்டிஷ் குடிமக்கள். அந்த ஊர் வரலாறே வேறு மாதிரி. 1967-இல் பக்கத்துத் தீவான செயின்ட் கிட்ஸின் போலீஸ்காரர்களைத் தீவிலிருந்து விரட்டிவிட்டு, 'எங்களைச் செயின்ட் கிட்ஸோடு சேர்க்காதே, நேராக பிரிட்டனின் கீழ் வை' என்று போராடிய மக்கள் அவர்கள். அந்தத் தீவின் பெண் பிரிட்டன் உடை போட்டதும் லண்டன் பத்திரிகைகளில் சிலர் 'பிளாஸ்டிக் பிரிட்டிஷ்காரர்' என்று எழுதினார்கள். அந்தக் காலத்தில் வந்த செய்திகளைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இங்கே துரோகி, அங்கே போலி. ஒரு பெண் எங்கேதான் நிற்பாள்?

இப்போது என் கதை. நான் ஒன்றும் சர்வதேச வீராங்கனை இல்லை, பல்கலைக்கழக அளவோடு நின்றவள். 'உன்னை அவரோடு ஒப்பிடுகிறாயா' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒப்பிடவில்லை. தீவில் இருந்து தாண்டுவது என்றால் என்னவென்று தெரிந்ததால் சொல்கிறேன்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார், பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். எங்கள் பள்ளி மைதானத்தின் மூலையில் மணல்குழி என்று ஒன்று இருந்தது. அதில் கொட்டியிருந்தது கடற்கரை மணல், சல்லிசல்லியாக உடைந்த பவழத் துண்டுகள் கலந்தது. தாண்டி விழுந்தால் தொடையின் பின்பக்கம் கோடு கோடாகக் கிழிக்கும். அதனால் பயிற்சிக்கு முன்னால் நானும் இன்னும் இரண்டு பெண்களும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பவழத்தைப் பொறுக்கி ஓரத்தில் போடுவோம். மழைக்காலத்தில் மணல் கெட்டியாகிவிடும். மண்வெட்டியால் கிளறிவிட்டுத்தான் தாண்ட முடியும். தாண்டுபலகை கிடையாது, சுண்ணாம்புப் பொடியில் ஒரு கோடு. ஒரு தூறல் போட்டால் கோடும் போய்விடும். அப்புறம் எது ஃபவுல், எது சரி என்பதெல்லாம் பி.டி. சார் சொல்வதுதான். அவர் நல்ல மனிதர், வாலிபால்காரர். ஓட்டத்தின் கடைசி இரண்டு எட்டுகளை எப்படி வைப்பது, இடுப்பை எப்போது இறக்குவது என்று அவரிடம் கேட்டால், 'அதெல்லாம் மெயின்லேண்ட் போனாத்தாம்மா சொல்லித் தருவாங்க' என்பார்.

போனேன். திருச்சியில் கல்லூரி கிடைத்தது. முதல் நாள் மைதானத்தில் மரப்பலகையில் என் கால் விழுந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்ததே, அது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அங்கே இருந்த பயிற்சியாளர் அக்கா என் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, 'நீ போர்டைத் தேடித் தேடி ஓடுறம்மா, அதான் கடைசில வேகம் செத்துடுது' என்றார். ஓட்டத்தின் தொடக்கக் குறியை நாடாவால் அளந்து வைத்து, பலகையைப் பார்க்காமல் ஓடப் பழக்கினார். பலகையைக் குனிந்து பார்த்தால் தோள் முன்னால் விழும், தோள் விழுந்தால் உடம்பு மேலே எழும்பாது. சுண்ணாம்புக் கோட்டை வைத்துப் பழகியவளுக்கு அது எப்படித் தெரியும்? அந்த வருஷமே என் தூரம் நன்றாகக் கூடியது. அங்கேயே ஒரு மாவட்டத்தின் பெயரில் பதிவு செய்துகொண்டு தாண்டினேன், பதக்கமும் வந்தது.

பொங்கல் விடுமுறைக்குக் கப்பலில் ஊருக்குப் போனேன். சென்னையிலிருந்து மூன்று நாள் பயணம். ஹாடோவில் இறங்கி வீட்டுக்குப் போன அன்றைக்கே பக்கத்துக் கடை அண்ணாச்சி கேட்டார்: 'என்னம்மா, ஜெயிச்சது நீ, பேரு வேற ஊருக்கா? நம்ம தீவு உனக்கு என்ன குறை வச்சுது?' அம்மாதான் பதில் சொன்னார்: 'குறை வைக்கல அண்ணாச்சி. குழிக்கு மணலும் வைக்கல.' இன்றைக்கும் அண்ணாச்சி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பாசத்தில் கேட்டார். திருச்சியிலோ, 'நம்ம மாவட்டப் பொண்ணு போக வேண்டிய இடத்துல அந்தமான்காரி போயிட்டா' என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அது பாசத்தில் வந்த பேச்சு இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தமானுக்கும் தேசியப் போட்டிகளில் அணி உண்டு, எனக்கு அந்த வழி இருந்தது. ஷாராவுக்கு ஒலிம்பிக் விஷயத்தில் அதுவும் இல்லை. அதனால் என்னைக் கேட்பதிலாவது கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அவரைக் கேட்பதில் துளிக்கூட இல்லை.

     

சரி, ஷாராவிடம் வருவோம். மாறியதால் அவர் என்ன செய்தார் என்று கேட்கிறவர்களுக்கு: 2012-இல் இஸ்தான்புல் உலக உள்ளரங்கப் போட்டியில் 6.89 மீட்டர் தாண்டி வெண்கலம். அதே வருஷம் 6.95 தாண்டி, பெவ் கின்ச் 1983-இல் வைத்திருந்த பிரிட்டிஷ் சாதனையை முறியடித்தார். லண்டன் ஒலிம்பிக்கில் ஒன்பதாவது இடம். அப்போது முதல் எட்டுப் பேருக்குத்தான் மேலும் மூன்று வாய்ப்பு என்பதால், ஒரே ஓர் இடத்தில் அவருடைய ஒலிம்பிக் அங்கேயே முடிந்தது. 2015-இல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் 7.07. பிரிட்டிஷ் பெண்களில் முதன்முதலாக 7 மீட்டரைக் கடந்தவர் அவர்தான். கடைசிச் சுற்று வரை அவர்தான் முன்னிலை. கடைசியில் அமெரிக்காவின் டியானா பார்ட்டொலெட்டா 7.14 தாண்டிவிட்டார். வெள்ளி கிடைத்தது. 2016 ரியோவில் தகுதிச் சுற்றோடு வெளியே வந்துவிட்டார். பதக்க ஆசையில் குறுக்கு வழியில் போனவர் என்றால், ஒலிம்பிக் பதக்கமே இல்லாத இந்தக் கணக்கை எப்படிச் சொல்வீர்கள்?

2018 காமன்வெல்த் போட்டியை யாராவது கிளப்புவீர்கள் என்று தெரியும். அங்கே அங்குயிலாவுக்குத் தனி அணி உண்டு, ஆனாலும் ஷாரா கோல்ட் கோஸ்ட்டில் இங்கிலாந்துக்காகத் தாண்டி வெண்கலம் வாங்கினார். இது நியாயமான கேள்வி, அதை நான் மழுப்ப மாட்டேன். அங்குயிலா உடையில் அந்த வெண்கலம் வந்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் வருஷம் முழுக்க ஓர் அணியின் பயிற்சி, மருத்துவர், நிதி எல்லாவற்றோடும் இருக்கும் ஒருவரை, ஒரே ஒரு போட்டிக்குப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வா என்று கேட்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேண்டுமானால் சுலபம். அதே தீவில் பிறந்த ஷார்னெல் ஹியூஸும் 2023-இல் 100 மீட்டரை 9.83 வினாடியில் ஓடியபோது அது பிரிட்டிஷ் சாதனையாகத்தான் பதிவானது. 15,000 பேர் இருக்கும் ஊர் இப்படி இரண்டு பேரைத் தந்திருக்கிறது. உங்களுக்குக் கோபம் வர வேண்டுமானால் அந்த 1996 விதியின் மேல் வரட்டும்.