வாசகர் கேள்வி: நாயைக் காட்டும் முன் வீட்டைக் கேளுங்கள்

கேள்வி (ராமநாதபுரம் வாசகர்): ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் ஊர்க்காரர்கள் தங்களுக்கு ஏற்ற நாயைத் தத்தெடுக்க நண்பர்கள் சேர்ந்து ஓர் இணையதளம் செய்கிறோம். வீட்டைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிறோம். ஆடு, கோழி வளர்க்கிற வீட்டுக்கு ஒரு சிப்பிப்பாறை 84 மதிப்பெண்ணோடு முதலில் வந்து நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: எல்லாவற்றையும் கூட்டியதுதான் தப்பு. ஒன்பது பொருந்தினால் பத்தாவது கூட்டலில் கரைந்துவிடும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிய வேட்டை நாய்கள்; ஓடுகிற கோழியைக் கண்டால் கால் நிற்காது. 16 மதிப்பெண் குறைத்தால் போதாது, அந்த வீட்டுக்கு அந்த நாயைக் காட்டவே கூடாது.

முதலில் சல்லடை. ஆடு கோழி உண்டா, ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உண்டா, ஏற்கெனவே நாய் இருக்கிறதா, வாடகை வீடென்றால் ஓனர் சம்மதித்தாரா, வீட்டில் ஒருவருமே இல்லாத நேரம் எத்தனை மணி. இதில் ஒன்று இடித்தாலும் நாய் பட்டியலில் வராது. தேறியதற்கு மட்டும் மதிப்பெண்: ஓட்டம், குரைப்பு, அந்நியரிடம் பழக்கம், தனிமை தாங்குவது என நான்கு குணங்கள், நாய்க்கும் 1 முதல் 5, வீட்டுக்கும் 1 முதல் 5. வித்தியாசங்களைக் கூட்டினால் 0 முதல் 16 வரை வரும். எது குறைவோ அதுவே பொருத்தம். மூன்று நாய்க்கு மேல் காட்டாதீர்கள். முப்பதைக் காட்டினால் நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

கேள்வியின் வாசகத்திலும் கவனம் வேண்டும். ‘வேலை நேரம் என்ன?’ என்று கேட்டால் பதில் உதவாது. கடலுக்குப் போகிறவர் இரவெல்லாம் இல்லாவிட்டாலும் வீட்டில் மாமியார் இருப்பார். இருவரும் அலுவலகம் போகிற வீடு பகல் பூரா பூட்டிக் கிடக்கும். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது வீட்டில் ஆள் இருக்கிற தெம்பில் குட்டி கேட்பார்கள். ‘ஜூன் 15க்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்?’ என்று படிவத்திலேயே கேட்டுவிடுங்கள்.

‘நாய் எங்கே தூங்கும்? உள்ளேயா, திண்ணையிலா, முற்றத்திலா?’ என்பதும் அவசியம். நாயை உள்ளே விடாத வீடுகள் நம் பக்கம் நிறைய. ஏன் என்று கேட்க நமக்கு உரிமையில்லை, எங்கே என்று கேட்டால் போதும். முற்றம் என்றால் நிழல் உண்டா, மதில் உண்டா என்ற கேள்விகள் திறக்கட்டும்.

கேள்வி (மண்டபம் வாசகி): ‘குழந்தைகளிடம் பழகுமா?’ என்ற கட்டத்தை, நாயைத் தற்காலிகமாகப் பராமரிக்கிறவர்கள் காலியாக விட்டுவிடுகிறார்கள். தளம் அதை ‘இல்லை’ என்று காட்டுகிறது. நல்ல நாய்கள் பட்டியலிலேயே வருவதில்லை.

பதில்: டிக் பெட்டி வைத்தால் அப்படித்தான் ஆகும். ஆம், இல்லை, பார்க்கவில்லை என மூன்று பதில் கொடுங்கள். மூன்றில் ஒன்றைத் தொடாமல் படிவம் நகரக் கூடாது. சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு ‘பார்க்கவில்லை’ நாயை, நேரில் இரண்டு முறை பழகிய பிறகே தருவோம் என்ற குறிப்போடு காட்டலாம்.

தடுப்பூசிக்கும் டிக் பெட்டி ஆகாது. தேதி வாங்குங்கள், அட்டையின் படம் வாங்குங்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஓராண்டில் அடுத்தது. அந்தத் தேதியைத் தளமே கணக்கிட்டுக் காட்டட்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியின் பதிவைத் தளம் ஏற்கவே கூடாது.

கேள்வி (பாம்பன் வாசகர்): படங்கள் திறக்க யுகமாகிறது. கறுப்பு நாய்களை யாரும் கேட்பதும் இல்லை.

பதில்: போனில் எடுத்த படம் 4 எம்பி, பக்கத்துக்கு 20 நாய் என்றால் 80 எம்பி. சிக்னல் தள்ளாடுகிற இடத்தில் யார் காத்திருப்பார்? ஏற்றும்போதே 150 கேபிக்குள் சுருக்குங்கள். படத்தோடு ஒட்டி வருகிற இருப்பிடத் தகவலையும் அப்போதே அழித்துவிடுங்கள். இல்லையென்றால் பராமரிக்கிறவர் வீட்டு வாசல் ஊருக்கே தெரிந்துவிடும்.

உச்சி வெயிலில் வெள்ளை மணலில் நிறுத்தி எடுத்தால் கறுப்பு நாய் வெறும் நிழல். காலை எட்டு மணிக்குள், சுவரோரம், நாயின் கண் உயரத்துக்குக் குந்தி எடுங்கள். முகம் ஒன்று, ஆள் பக்கத்தில் நிற்க உயரம் தெரிகிறபடி ஒன்று, கயிற்றோடு நடக்கிற 15 விநாடி வீடியோ ஒன்று. இது போதும்.

கேள்வி (கீழக்கரை வாசகி): எங்கள் தெரு நாய் ஒன்றையே தத்தெடுக்க வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு. இந்த இரண்டாவது பாதியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். காது நுனி வெட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு கட்டமும் வேண்டும்: அது கருத்தடை ஆனதற்கான அடையாளம். அதைக் கவனிக்காமல் பெண் நாயை மறுபடி அறுவைக்குக் கொண்டுபோகிறார்கள்.

கேள்வி (தொண்டி வாசகர்): நாயைக் கொடுத்த பிறகு தளத்துக்கு என்ன வேலை?

பதில்: 3ஆம் நாள், 14ஆம் நாள், 90ஆம் நாள் வாட்ஸ்ஆப்பில் செய்தி போகட்டும். 14 நாள் முடியும்வரை நாயின் பக்கத்தை அழிக்காமல் ‘பழகிக்கொண்டிருக்கிறது’ என்று மட்டும் மாற்றி வையுங்கள். ‘திருப்பித் தர வேண்டும்’ என்ற பொத்தான் ஒவ்வொரு செய்தியின் அடியிலும் இருக்கட்டும், காரணம் கேட்கும் கட்டம் இல்லாமல். காரணம் எழுதக் கூச்சப்படுகிறவர் நாயைக் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். காரணத்தை மறுநாள் போனில் கேட்டு, சல்லடையில் விட்டுப்போன கேள்வி எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.