கேள்வி – பதில்

கேள்வி: இருபது வருடப் பீடிப் பழக்கம். விட்டுத் தொலைக்க வேண்டும் என்றிருக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேள் என்கிறார் நண்பர். மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர் ஒருவர், பாலக்கோடு

பதில்: நிறையவே இருக்கிறது. டாக்டரைப் பார்க்க அரை நாள் கூலியை விட வேண்டும். மருந்துக்கடைக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் போகலாம். இருமல் மருந்துக்கென்று நீங்களே பல முறை போயிருப்பீர்கள். அப்போது ஒருமுறையாவது “பீடி குடிப்பீங்களாண்ணா?” என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது அவர் தவறு.

பீடி ஏக்கத்தைத் தணிக்கும் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் அங்கே கிடைக்கிறது. பலரும் அதை வாங்கி, பபுள்கம் மாதிரி மென்று எச்சிலை விழுங்குகிறார்கள். தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. ‘நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மறுநாளே பீடிக்கட்டை எடுத்துவிடுகிறார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். காரம் தட்டியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். ஒரு கம் அரை மணி நேரம் வரும். டீ, காபி குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் நிகோடின் சரியாக உள்ளே இறங்காது. கம்மை நீட்டும்போதே இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் ஆகுமா?

இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் மாத்திரை சாப்பிடுபவர் பீடியை நிறுத்தினால், அதே மாத்திரை உடம்பில் அதிகமாகத் தங்கும். ஈரல் அந்த மருந்தை வேகமாகக் கரைக்கும்படி செய்துவந்தது புகைதான். புகை நின்றதும் அந்த வேகம் குறையும். படபடப்பு, குமட்டல் வரலாம். பீடியை விட்டதால்தான் உடம்பு கெட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். அளவைக் குறைக்க வேண்டியவர் டாக்டர். ஆனால் மாதாமாதம் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பவரால்தான் இதை முதலில் கவனிக்க முடியும்.

மருந்தை விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ம் ஆண்டு மருந்தியல் நடைமுறை விதிகளே சொல்கின்றன. இங்கிலாந்தில், ஆஸ்பத்திரியில் இருந்தபோது புகையை விடத் தொடங்கியவரை, வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துக்கடையிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு 2022-ல் வந்தது. நம் ஊர்க் கடைகள் பலவற்றில் சர்டிபிகேட் சுவரில் இருக்கிறது, படித்தவர் கடையில் இல்லை. கவுன்டரில் நிற்கும் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. கடை முதலாளிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நண்பர் சொன்னது சரி, போங்கள். “ஃபார்மசிஸ்ட் இருக்காரா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த கடை. காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சுவலி வந்தவர் என்றால் முதலில் டாக்டர். விட்ட முதல் சில நாள்தான் ரொம்பப் படுத்தும். அப்போது பேச ஆள் வேண்டுமென்றால், புகையிலையை விட உதவும் அரசு உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது.