போரும் வீடும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போரில் மடிந்த சிப்பாய்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கவச உடை, ட்ரோன், உடனடி மருத்துவ உதவி எல்லாம் வந்தபின் அமெரிக்கா போன்ற நாடுகளின் படைகளில் உயிரிழப்பு வெகுவாகக் குறைந்துவிட்டதே? சிப்பாய் கொடுக்கும் விலையும் குறைந்துவிட்டது என்றுதானே கொள்ளவேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குறையவில்லை. உக்ரைனில் 2022 முதல் இரு தரப்பிலும் விழும் பிணங்களைப் பார்த்தாலே இந்த வாதம் நிற்காது. இருந்தாலும் நீங்கள் சொல்லும் அமெரிக்கப் படையையே எடுத்துக்கொள்வோம்.

காயமடைந்தவரை ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று ஆப்கானிஸ்தான் களத்துக்கு 2009இல் உத்தரவு வந்தது. முந்தைய போர்களில் ரத்தம் வடிந்தே இறந்திருக்கக்கூடியவர்கள் பிழைத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அவர்களில் பலர் கால்களை இழந்து வந்தார்கள். வெடியின் அதிர்வில் மூளை பாதிக்கப்பட்டு, ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் வந்தவர்களும் உண்டு. வேலையை விட்டுவிட்டு அவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டவர்கள் மனைவியரும் அம்மாக்களும். அவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் சட்டம் 2010இல்தான் வந்தது, போர் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் கழித்து.

உடம்பில் கீறல்கூட இல்லாமல் திரும்பியவரின் வீட்டையும் நினைத்துப் பாருங்கள். எங்கே போனாலும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். தூக்கத்தில் தோளைத் தொட்டால் கை ஓங்கிவிடும் என்பதால் மனைவி கால்மாட்டில் நின்று பெயர் சொல்லி எழுப்புவாள். அப்பா தூங்கும்போது கதவை அறைந்து சாத்தக்கூடாது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ட்ரோன் இயக்குபவருக்கும் விடுதலை இல்லை. ஒரு மனிதனை நாள்கணக்காகத் திரையில் பார்த்துவிட்டு, அவனைக் கொன்று, அன்று மாலையே வீட்டுக்குப் போகிறார்.

பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச்செலவு ஆய்வுத்திட்டம் 2021இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2001க்குப் பிந்தைய போர்களில் களத்தில் இறந்த அமெரிக்கப் படையினர் 7,057 பேர். அந்தப் போர்க்காலப் படையினரிலும் முன்னாள் படையினரிலும் தற்கொலை செய்துகொண்டவர்கள் சுமார் 30,177 பேர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போர்முனையிலேயே தற்கொலை செய்துகொண்டவரின் குடும்பத்துக்கு அதிபரின் இரங்கல் கடிதம் அனுப்பும் வழக்கம் 2011 வரை கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தக் காகிதத்தையும் மறுத்தார்கள் என்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஒபாமா அதை மாற்றினார். ஆனால் வீடு திரும்பியபின் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் அந்த மாற்றத்துக்குள்ளும் வரவில்லை. மேலே சொன்ன முப்பதாயிரத்தில் பெரும்பாலோர் அவர்கள்தான்.