‘ஞானம்’ ஆண் பெயரா, பெண் பெயரா? பிறக்கப்போகும் குழந்தைக்கு வைத்தால் பின்னாளில் சிக்கல் வருமா?

தாராளமாக வைக்கலாம். நான் ஒரு பெண், என் பெயர் ஞானம், பிறந்தது சீர்காழிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டுப் பெரியவர் யாரோ ‘அது ஆம்பிளைப் பெயராயிற்றே’ என்று தடுத்திருக்கிறார் எனத் தோன்றுகிறது. ஜாதகத்தில் பெயரைப் பார்த்த என் மாமியாரும் ‘பெண்ணின் ஜாதகத்தை அனுப்பச் சொன்னால் பையனுடையதை அனுப்பியிருக்கிறார்களே’ என்றுதான் தரகரிடம் கேட்டாராம்.

எங்கள் பகுதியில் இந்தப் பெயர் புழங்குவதற்கு முதற்காரணம் திருஞானசம்பந்தர். சீர்காழிக் கோயில் பிரம்ம தீர்த்தக் கரையில், தந்தை சிவபாத இருதயரைக் காணாமல் அழுத மூன்று வயதுக் குழந்தைக்கு உமையம்மை ஞானப்பால் ஊட்டினாள் என்பதும், அக்குழந்தை ‘தோடுடைய செவியன்’ என்று பாடத் தொடங்கியது என்பதும் பெரியபுராணம் சொல்லும் வரலாறு. சித்திரையில் நடக்கும் திருமுலைப்பால் விழாவுக்குப் பிள்ளை வரம் வேண்டிப் பால் கொண்டு செல்லும் பெண்களை இன்றும் காணலாம். அப்படி வேண்டிப் பெற்ற பிள்ளை ஆணானால் ஞானசம்பந்தம், பெண்ணானால் ஞானாம்பாள் அல்லது ஞானவல்லி என்று வைப்பார்கள். வாயில் நிற்பது இருவருக்கும் ஞானம்தான். என் தந்தையோ வால் எதுவும் ஒட்டாமல் ஞானம் என்று மட்டுமே பதிந்துவிட்டார்.

சைவர்களுக்கு மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டாம். தரங்கம்பாடி முதல் வேளாங்கண்ணி வரை கிறித்தவர்களிடையே ஞானப்பிரகாசம், ஞானசௌந்தரி, ஞானம்மாள் என்ற பெயர்கள் நெடுநாளாக வழங்குகின்றன. ஞானஸ்நானம் என்ற சொல்லோடு வாழ்கிறவர்களுக்கு இந்தப் பெயர் அயலாக இருக்க முடியாது. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீபாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் நாயகி ஞானாம்பாள்; அவள் ஆண் வேடம் பூண்டு விக்கிரமபுரிக்கு அரசனாகவே இருந்து ஆள்கிறாள். மாயூரத்தை ஒட்டிய திருஇந்தளூரில் 1938இல் பிறந்த ரங்கநாதன் என்ற கவிஞர் தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர் ஞானக்கூத்தன்.

இனிச் சிக்கலுக்கு வருகிறேன். ஊருக்குள் எனக்கு எந்தத் தொல்லையும் இருந்ததில்லை, ஏனென்றால் ‘ஞானம் வந்தாள்’ என்று சொன்ன மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிடும். தொல்லை காகிதத்தில் வந்தது. திருமணத்தின்போது தந்தை எனக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக்கொடுத்த நஞ்சை நிலம், நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைப் புதிதாக எழுதியபோது, இன்னாருடைய ‘மகன் ஞானம்’ என்று பதிவாகிவிட்டது. எழுதியவர் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்திருந்தால் ‘என் குமாரத்தி’ என்று முதல் பக்கத்திலேயே இருந்திருக்கும். நாங்களே உழுது, நாங்களே வரி கட்டிவந்ததால் பல ஆண்டுகள் இது யார் கண்ணிலும் படவில்லை. ஆதார் வந்த பிறகு, குறுவைக்குப் பயிர்க்கடன் கேட்டுச் சிட்டாவும் அடங்கலும் (நில உரிமைக்கும் சாகுபடிக்குமான பதிவு நகல்கள்) கொண்டுபோன இடத்தில், ஆதாரில் பெண், பட்டாவில் மகன் என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். ‘உங்கள் அண்ணனை வரச் சொல்லுங்கள்’ என்று அங்கிருந்தவர் சொன்னபோது, எனக்கு அண்ணனே இல்லை என்பதற்குச் சான்று கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதைத்தான் கேட்டார்கள். தந்தையின் வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு பிறக்காத ஓர் அண்ணனை இல்லையென்று நிரூபித்துப் பட்டாவைத் திருத்தி வாங்குவதற்குள் அந்தக் குறுவைக்கு வெளியில் வட்டிக்கு வாங்க வேண்டியதாயிற்று.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் பெயரில்தானே கோளாறு’ என்று சிலர் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். மகன், மகள் என்பதைப் பெயரின் ஓசையைக் கொண்டு ஊகித்து எழுதியது பெயரின் குற்றமாகாது. வடசொல்லுக்கு ஏன் இத்தனை பரிவு என்று கேட்போருக்கும் ஒரு சொல்: அறிவழகனும் அறிவுக்கரசியும் வீட்டில் அறிவு என்றுதானே அழைக்கப்படுகிறார்கள்? அங்கும் இதே கேள்வி வரும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பிறப்பைப் பதியும்போதே பெயரை முடிவு செய்ய வேண்டியதில்லை; 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் வீட்டுப் பெரியவர்களோடு பேசித் தீர்க்க அவகாசம் இருக்கிறது. சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயரை மட்டும் சரிபார்த்துவிட்டு மடித்து வைக்காமல், பாலினம் என்ற கட்டத்தையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதலெழுத்தை ‘ஜி’ என்று தொடங்குவதா ‘என்’ என்று தொடங்குவதா என்பதை ஒருமுறை தீர்மானித்து, பள்ளி, ஆதார், வங்கி எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். பெண் குழந்தையானால், பிற்காலத்தில் அவள் பெயருக்கு நிலமோ மனையோ எழுதும் நாளில், பத்திரத்தோடு நின்றுவிடாமல் பட்டா மாறுதலையும் உடனே கேட்டு வாங்கி, அதில் ‘மகள்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.