கணினி கேள்வி-பதில்: பின் (PIN), பாஸ்வேர்டு, 48 இலக்கச் சாவி

கே: விண்டோஸ் 11 டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். ஆன் செய்யும்போதெல்லாம் பின் எண் கேட்கிறது. விண்டோஸின் பயனர் கணக்குக் கருவியான 'நெட்பிள்விஸ்' (netplwiz) மூலம் இதை நிறுத்தலாம் என்றார்கள். திறந்து பார்த்தால், நுழையும்போது பாஸ்வேர்டு கேட்க வேண்டுமா என்பதற்கான டிக் பெட்டியையே காணோம். ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

வேறொரு சுவிட்ச் அதை மறைத்து வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதில் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போங்கள். கீழே அடிஷனல் செட்டிங்ஸ் பகுதியில், மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு விண்டோஸ் ஹலோ (பின், முகம், விரல்ரேகை கொண்டு நுழையும் வசதி) மட்டும் போதும் என்ற சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டு நெட்பிள்விஸ்ஸை மறுபடி திறந்தால் பெட்டி வந்துவிடும். டிக்கை எடுத்து அப்ளை கொடுத்ததும் பாஸ்வேர்டு கேட்கும். பலர் அங்கேதான் பின்னை அடித்துவிடுகிறார்கள். கேட்பது மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு. தவறாகக் கொடுத்தாலும் அந்தப் பெட்டி சரிபார்க்காமல் வாங்கிக்கொள்ளும். அடுத்த முறை ஆன் செய்யும்போதுதான் 'பாஸ்வேர்டு தவறு' என்று நிற்கும்.

ஆனாலும் இதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வோம். தானாக லாகின் ஆக வேண்டுமானால் உங்கள் பாஸ்வேர்டை விண்டோஸ் அந்தக் கணினிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். அட்மின் உரிமை உள்ள எவரும் அதை வெளியே எடுத்துவிடலாம். பின் அப்படியல்ல. அந்த ஒரு கணினியில் மட்டுமே அது செல்லும். தவறாகவே அடித்துக்கொண்டிருந்தால் 'ஏ1பி2சி3' என்று தட்டச்சு செய்யச் சொல்லும், பிறகு பூட்டிக்கொள்ளும். தினமும் அடிப்பது அலுப்பாக இருந்தால் யூஎஸ்பியில் செருகும் விரல்ரேகை ரீடர் வாங்கிப் போடுங்கள். விண்டோஸ் ஹலோவுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்கவும்.

கே: பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்த பிறகு லேப்டாப் நீலத்திரையில் நின்று 48 இலக்க எண் கேட்கிறது. நான் எதையும் பூட்டவில்லையே!
– வாசகி, ஈரோடு

நீங்கள் பூட்டவில்லை, விண்டோஸ் பூட்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டப் செய்த பல லேப்டாப்களில் டிஸ்க்கில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாகவே ஆன் ஆகிவிடும். இது விண்டோஸின் 'பிட்லாக்கர்' பூட்டைத்தான் பயன்படுத்துகிறது. டிஸ்க்கைத் திறக்கும் சாவி லேப்டாப்புக்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் காவலில் இருக்கிறது. கணினி எப்படி பூட் ஆகிறது என்பதை அந்தச் சிப் அளந்து வைத்திருக்கும். பயாஸ் மாறியதும் அளவு பொருந்தவில்லை, ஆகவே சாவியைத் தர மறுக்கிறது. மதர்போர்டை மாற்றினாலும் இதே கதிதான்.

வேறொரு கணினியிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைஸஸ் பகுதியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீயைத் தேடுங்கள். பல சாவிகள் இருந்தால், நீலத்திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளோடு ஒத்துப்போவதை எடுங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி, பொறுமையாக அடிக்கவும்.

சாவி அங்கே இல்லையா? முதன்முதலில் செட்டப் செய்தது யார் என்று யோசியுங்கள். கடைக்காரர் தன் மெயில் ஐடியைப் போட்டுச் செட்டப் செய்திருந்தால் சாவி அவர் கணக்கில் கிடக்கும், அவரிடம்தான் கேட்க வேண்டும். அலுவலக மெயில் ஐடி என்றால் அங்குள்ள கணினிப் பிரிவில் விசாரியுங்கள். சாவியே கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் புதிதாக உருவாக்கித் தர முடியாது. டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி போடுவது ஒன்றே வழி, உள்ளே இருந்த படங்களும் வரவு-செலவுக் கணக்குகளும் போனதுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்றே சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு, லேப்டாப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட்டுக்கு முன் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரை 'சஸ்பென்ட்' செய்துவிட்டால் (தற்காலிகமாக நிறுத்திவைத்தால்) இந்தத் திரை வராது.

கே: மகன் என் கணக்கிலேயே விளையாடுகிறான், கண்ட மென்பொருளையெல்லாம் ஏற்றுகிறான். என்ன செய்வது?
– வாசகர், தாம்பரம்

அக்கவுன்ட்ஸில் 'அதர் யூசர்ஸ்' போய் அவனுக்குத் தனிக் கணக்குச் சேருங்கள். புதிய கணக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆகத்தான் உருவாகும், அப்படியே விடுங்கள். கணினி முழுமைக்குமான மென்பொருளை அவன் ஏற்ற முயன்றால் உங்கள் பின் கேட்கும். அவசரத்துக்கென்று அதைச் சொல்லிக்கொடுத்தால் செய்ததெல்லாம் வீண். உங்கள் பழைய பின் அவனுக்கு ஏற்கெனவே தெரியுமே, அதையும் மாற்றிவிடுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயோடு 'எல்' அழுத்தித் திரையைப் பூட்டுங்கள்.